எட்டு விழா, எட்டு கலர்: இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது?

நெய்தல் | பிப்ரவரி 2, காலை 7.15

மெல்பர்னில் ஒரு பேகன் வட்டத்தோடு பழக்கம். (மயிலுக்குப் போர்வை போர்த்திய பேகன் அல்ல. பருவத்துக்குப் பருவம் விழா எடுக்கிற இந்தக் காலத்து ஆட்கள்.) இன்றைக்கு இம்போல்க் (வசந்தத் தொடக்க விழா), வெள்ளைத் துணி, வெள்ளை மெழுகுவர்த்தி என்று நெட்டில் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன். அவர்களோ "இன்றைக்கு லூனசா, அறுவடைத் தொடக்கம், பொன்னிறத்தில் ஏதாவது கொண்டு வா" என்கிறார்கள். ஒரே தேதிக்கு எப்படி இரண்டு கலர்? நடுக்குளிர்கால யூலுக்குச் சிவப்பு-பச்சை, வசந்த கால ஒஸ்டாராவுக்கு வெளிர் நிறங்கள், கோடைத் தொடக்கத்து பெல்டேனுக்குச் சிவப்பு-வெள்ளை, குளிர்காலத் தொடக்கத்து சாவினுக்கு ஆரஞ்சு-கறுப்பு... இதெல்லாம் ஆதிகாலத்திலிருந்து வருவது என்கிறார்களே, நிஜமா?

வேலியோரம் | பிப்ரவரி 2, இரவு 9.40

உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. பட்டியல் வடகோளத்துக்குப் போட்டது. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலானவர்கள் ஆறு மாதம் தள்ளிக் கொண்டாடுவார்கள். யூல் ஜூன் 21 வாக்கில், இம்போல்க் ஆகஸ்ட் தொடக்கம், ஒஸ்டாரா செப்டம்பர் 22-23, பெல்டேன் அக்டோபர் 31, நடுக்கோடை விழாவான லித்தா டிசம்பர் 21-22, லூனசா பிப்ரவரி தொடக்கம், இலையுதிர்கால விழாவான மேபன் மார்ச் 20-21, சாவின் ஏப்ரல் 30. வெள்ளைத் துணியை மடித்து வையுங்கள், ஆகஸ்டில் எடுக்கலாம். எடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

"ஆதிகாலம்" பற்றி நாளை எழுதுகிறேன். அது ஒரு வரியில் முடியாது.

வேலியோரம் | பிப்ரவரி 3, இரவு 10.05

எட்டு விழாக்களையும் ஒரே சக்கரத்தில் கோத்ததே 1950களின் இங்கிலாந்தில்தான். அங்கே சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் விக்கா (இந்தக் காலத்துச் சூனிய மதம்) பற்றி வெளிப்படையாக எழுதினார். முதலில் பெரிதாகக் கொண்டாடியது நான்கைத்தான்: சாவின், இம்போல்க், பெல்டேன், லூனசா. சூரியன் சார்ந்த மற்ற நான்கும் அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் சம அந்தஸ்துக்கு வந்தன. துருயிதுகள் (பழைய கெல்டிக் பூசாரிகளின் வழி என்று சொல்லிக்கொள்பவர்கள்) பக்கம் ராஸ் நிக்கல்ஸ் இதே எட்டை எடுத்துக்கொண்டு 1964இல் தனி அமைப்பு தொடங்கினார். ஒஸ்டாரா, லித்தா, மேபன் என்ற பெயர்களை இந்தச் சக்கரத்தில் பொருத்தியவர் அமெரிக்காவின் ஐடன் கெல்லி, 1974இல். ஆகவே "மேபனின் தொன்மையான நிறம் செம்பழுப்பு" என்று யாராவது சொன்னால், அந்தத் தொன்மைக்கு வயது என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒஸ்டாராவுக்குப் பழைய ஆதாரமாகக் காட்டுவது இது: கி.பி. 725இல் பீட் என்ற துறவி, ஈஸ்ட்ரே என்ற தெய்வத்தின் பெயரில் ஒரு மாதம் இருந்தது, அதில் அவளுக்கு விழா நடந்தது என்று எழுதினார். அவ்வளவுதான். முட்டை இல்லை, முயல் இல்லை, நிறமும் இல்லை.

அப்படியானால் கலர் எங்கிருந்து வந்தது? மூன்று கிணற்றுத் தண்ணீர் இதில் கலந்திருக்கிறது. ஒன்று, 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மந்திரச் சங்கம். கிரகம், நிலம்-நீர் போன்ற பூதம் ஒவ்வொன்றுக்கும் நான்கு வரிசையில் நிறம் ஒதுக்கி அட்டவணை போட்டவர்கள் அவர்கள். "இதற்கு இந்த நிறம்" என்று கட்டம் போடும் பழக்கம் பெரும்பாலும் அந்த வழியில் வந்தது. இரண்டு, வியாபாரம். ஒஸ்டாராவின் வெளிர் நிறங்கள் ஈஸ்டர் மிட்டாய்க் கடை நிறங்கள் என்றே எனக்குப் படுகிறது. மூன்றாவதுதான் உருப்படியானது: அந்த வாரத்தில் அந்த ஊரில் என்ன பூத்தது, என்ன காய்த்தது, எது சாயம் கொடுத்தது.

பூனைக்கண் | பிப்ரவரி 3, இரவு 11.20

ஆக எல்லாமே டூப்பு. 1974க்கு முன்னாடி எல்லாரும் பிளாக் அண்ட் ஒயிட்லதான் கொண்டாடினாங்க போல.

வேலியோரம் | பிப்ரவரி 4, காலை 6.50

டூப்பு என்று ஒதுக்கினால் நல்ல சரக்கும் போய்விடும். நாட்டுப்புற வழக்கத்தில் நிறம் நிறையவே இருக்கிறது. என்ன, பட்டியலோடு ஒத்துப்போவதில்லை.

பெல்டேன்: பட்டியலில் சிவப்பு-வெள்ளை. அயர்லாந்தில் மே முதல் நாளுக்கு முந்தைய மாலை வாசற்படியிலும் ஜன்னலிலும் தூவியது மஞ்சள் பூ. பிரிம்ரோஸ், சதுப்புநில மேரிகோல்ட், முள்ளுக் கோர்ஸ். அந்த வாரம் வேலியெல்லாம் மஞ்சளாகத்தான் இருக்கும்.

லூனசா: பட்டியலில் பொன்னிறம், கதிர் நிறம். ஆனால் அயர்லாந்தில் ஜூலை கடைசி ஞாயிறு பில்பெரி (ஒரு காட்டுப் பழம்) ஞாயிறு. இளைஞர்கள் மலையேறி பில்பெரி பறித்துத் தின்று, நாக்கும் விரலும் கருநீலமாகத் திரும்புவார்கள். நம் ஊர் நாவற்பழக் கறையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த விழாவுக்கு என்னைக் கேட்டால் ஊதாதான்.

சிவப்பு நூல்: ஸ்காட்லாந்தில் ரோவன் மரக் குச்சிகள் இரண்டைச் சிலுவையாக வைத்துச் சிவப்பு நூலால் கட்டித் தொழுவ வாசலில் வைப்பார்கள். மாட்டு வாலிலும் கட்டுவார்கள். சூனியக்காரி அண்டாமல் இருக்கத்தான். இன்றைக்கு தங்களைச் சூனியக்காரிகள் என்று சொல்லிக்கொள்பவர்களே பெல்டேனுக்கு அதைக் கட்டுகிறார்கள். திருஷ்டிப் பூசணிக்காயைத் திருஷ்டியே வாங்கிப் போன மாதிரி.

வேலியோரம் | பிப்ரவரி 6, இரவு 8.30

இம்போல்க் வெள்ளையை விட்டுவிட்டேன். ஈன்ற ஆட்டின் பால், பனித்துளிப் பூ, இரண்டும் காரணமாகச் சொல்லப்படும். பால் சரி. பூவில் சிக்கல்: அது பிரிட்டனின் பூர்வீகச் செடி அல்ல, தோட்டத்திலிருந்து வெளியே பரவியது என்பதே பலரின் கருத்து.

அதே நாளில் அயர்லாந்தில் புனித பிரிஜிட்டின் பெயரில் கோரையால் கட்டும் பிரிஜிட் சிலுவையைப் பாருங்கள். அது பச்சை. ஈரநிலக் கோரையை வெட்டாமல் பிடுங்கி எடுப்பது வழக்கம். 25-30 செ.மீ. நீளத்தில் 16 கோரை இருந்தால் கைக்கு அடக்கமான சிலுவை வரும். ஒன்றை நட்டமாகப் பிடித்து, இன்னொன்றை நடுவில் மடித்து அதன் மேல் மாட்டுங்கள். மடிப்பை விரலால் அழுத்தியபடியே மொத்தத்தையும் இடப்பக்கமாகக் கால் வட்டம் திருப்பி, அடுத்ததை மடித்து இதுவரை போட்டதெல்லாம் உள்ளே அடங்கும்படி மாட்டுங்கள். எப்போதும் ஒரே பக்கமாகத்தான் திருப்ப வேண்டும். ஒரு முறை மாற்றித் திருப்பினாலும் நடுச் சதுரம் கோணிவிடும். நான்கு முனையையும் நூலால் இறுக்கிக் கட்டி, நுனியை ஒரே அளவாக வெட்டுங்கள்.

மடிப்பில் கோரை முறிந்தால் அது காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றி வைத்தால் பெரும்பாலும் வளையும். கோரை காயும்போது சுருங்குவதால் கட்டும்போதே நன்றாக இழுத்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் மாதத்துக்குள் லொடலொடவென்று ஆகும். சில வாரங்களில் பச்சை போய் வைக்கோல் நிறம் வரும், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். அடுத்த ஆண்டு புதுப் பச்சை கட்டிப் பழையதன் பக்கத்தில் வைக்கும்போது எது எந்த ஆண்டு என்று நிறமே சொல்லும்.

சாயப்பட்டறை | மார்ச் 1, காலை 8.00

இன்றைக்கு பல்கேரியாவில் பாபா மார்த்தா (மார்ச் பாட்டி) நாள். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மார்தெனித்சா கட்டுவார்கள். ருமேனியா, மால்டோவா, வடமாசிடோனியாவிலும் இந்த வழக்கம் உண்டு. நான்கு நாட்டுக்கும் சேர்த்து 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. நாரையையோ தகைவிலானையோ பூத்த மரத்தையோ பார்க்கும் வரை கையில் இருக்கும், பிறகு மரக்கிளைக்குப் போகும். இந்த உரையாடலில் இதுவரை சொன்னதிலேயே நிறம் அதிகம் மாறாத வழக்கம் இதுதான் என்பேன். (ரோடோப் மலைப் பக்கம் பல நிறத்திலும் முறுக்குவார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

முறுக்குவது: கம்பளி நூல் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, தலா 60 செ.மீ. இரண்டையும் சேர்த்து ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை ஒரே திசையில் முறுக்கிக்கொண்டே போங்கள். தளர்த்தினால் தானாகச் சுருண்டு கொக்கி போடும் அளவு முறுக்கு ஏற வேண்டும். நடுவில் விரல் வைத்து இரண்டாக மடித்து, முனைகளைச் சேர்த்துப் பிடித்து நடுவை விட்டால் தானே பின்னிக்கொள்ளும். 27 செ.மீ. போல நிற்கும், மணிக்கட்டுக்குப் போதும். முறுக்கு போதாவிட்டால் இரண்டு நூலும் தொளதொளவென்று தனித்தனியாகத் தொங்கும்.

பெரிய தொல்லை சிவப்பு வெள்ளையில் இறங்குவது. முறுக்கும் முன் சிவப்பு நூல் துண்டை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் ஐந்து நிமிடம் அழுத்திப் பாருங்கள். கறை விழுந்தால் அந்த நூல் வேண்டாம். மரத்தில் கட்டுவதாக இருந்தால் பாலியெஸ்டர் கூடாது, மக்காமல் கிடக்கும், பறவைக் காலில் சிக்கும். தளர்வாகக் கட்டுங்கள். கிளை பருக்கும்போது இறுகிய நூல் பட்டையை அறுக்கும்.

பூனைக்கண் | மார்ச் 1, காலை 8.40

சாயப்பட்டறை அண்ணே, லண்டன் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒஸ்டாரா மூணு வாரத்துல வருது. முட்டைக்கு வழி சொல்லுங்க. மிட்டாய்க் கடை கலர் வேணாம்னு வேலியோரம் வேற பயமுறுத்திட்டார்.

சாயப்பட்டறை | மார்ச் 9, இரவு 9.15

வெங்காயத் தோலிலிருந்து தொடங்குங்கள். லிதுவேனியாவிலிருந்து கிரேக்கம் வரை முட்டைக்கு இதுதான் அடுப்படிச் சாயம். வசந்தம் வரும்போது பூவும் இலையும் இன்னும் வந்திருக்காது, குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த வெங்காயத் தோல் கைவசம் இருக்கும். செங்கல் சிவப்பு வருவதற்கு அதுதான் காரணம்.

பன்னிரண்டு முட்டைக்கு: எட்டுப் பத்துப் பெரிய வெங்காயத்தின் காய்ந்த வெளித்தோல், 1 லிட்டர் தண்ணீர், 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். தோலை மட்டும் அரை மணி நேரம் சிறு கொதியில் வைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். பிறகு வினிகர் ஊற்றி, முட்டையைப் போட்டு 12-15 நிமிடம் வேகவையுங்கள். கருஞ்சிவப்பு வேண்டுமானால் அதே சாற்றில் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். இங்கிலாந்தின் மஞ்சள் வெங்காயத் தோல் ஒழுங்காக ஆரஞ்சு-செங்கல் கொடுக்கும். சிவப்பு வெங்காயத் தோல் ஆளைக் கவிழ்க்கும், சில நேரம் பச்சை கலந்த பழுப்பு. எவர்சில்வர் பாத்திரம் போதும். இரும்பு சாயத்தைக் கறுக்க வைக்கும், அலுமினியத்தில் வினிகர் ஆகாது.

நீலம்: சிவப்பு முட்டைக்கோஸ் அரைப் பூ, பொடியாக நறுக்கி 1 லிட்டரில் 20-30 நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டி, 2 மேசைக்கரண்டி வினிகர். சாறு ரோஸ் நிறத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், அது அமிலத்தை மாற்றிவிடும், ஓட்டின் மேல் நீலமாகத்தான் ஏறும். அவித்து ஆறிய வெள்ளை முட்டையை ஆறிய சாற்றில் 8-12 மணி நேரம் வையுங்கள். சுடச்சுடப் போட்டால் திட்டுத்திட்டாக வரும்.

மஞ்சள்: 3 மேசைக்கரண்டி மஞ்சள்தூள், 1 லிட்டர், 15 நிமிடக் கொதி. தெளிய விட்டு மேல்சாற்றை மட்டும் எடுக்கவும், இல்லாவிட்டால் புள்ளி விழும். மஞ்சளேற்றிய முட்டையைக் கோஸ் சாற்றில் அரை மணி வைத்தால் பச்சை.

பீட்ரூட்டை நம்பாதீர்கள். கொதிக்க வைத்தால் நிறம் சிதைந்து அழுக்குப் பழுப்பு ஆகும். ஆறிய சாறானாலும் சுமாரான ரோஸ்தான்.

நெய்தல் | மார்ச் 10, காலை 7.30

ஓடு சுண்ணாம்பு மாதிரி என்றால், மஞ்சள் ஏன் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவக்கவில்லை?

சாயப்பட்டறை | மார்ச் 10, இரவு 9.00

நல்ல கேள்வி. ஆரத்தியில் போடும் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு, காரம் பலமானது, அதனால் மஞ்சள் உடனே சிவக்கும். ஓட்டின் காரம் அந்த அளவுக்கு வராது. கோஸின் நிறமி நடுநிலைக்குப் பக்கத்திலேயே நீலமாகிவிடும், மஞ்சளுக்கு அதைவிட நிறையத் தாண்ட வேண்டும். சோடா உப்புக் கரைசலில் மஞ்சள் முட்டையைத் தோய்த்தால் கொஞ்சம் செம்மை தட்டும்.

சாயப்பட்டறை | மார்ச் 15, இரவு 10.30

தனிச்செய்தியில் வந்த புலம்பல்களுக்கு மொத்தமாக ஒரு பதில்.

விரல் ரேகை மாதிரி வெள்ளைத் திட்டு: கை எண்ணெய். முட்டையை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். குமிழி குமிழியாகப் புள்ளி: வினிகர் அதிகம், அமிலம் ஓட்டைத் தின்னும்போது வரும் வாயு ஒட்டிக்கொள்கிறது. நிறம் உரிந்து வந்தது: ஈரமாக இருக்கும்போது துடைத்திருக்கிறீர்கள். கம்பி வலையில் தானாகக் காய விட்டு, பிறகு ஒரு சொட்டு எண்ணெய் தடவலாம். நீலம் வராமல் பச்சை வந்தது: பழுப்பு ஓட்டு முட்டை. அது தப்பில்லை, அழகுதான். சாப்பிடுவதானால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

வேலியோரம் | மார்ச் 22, இரவு 8.10

உக்ரைனின் பிசாங்கா முட்டை இதிலிருந்து வேறு ஜாதி. உக்ரைன், எஸ்தோனியா இரண்டின் பேரிலும் 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வேகவைக்காத முட்டையில் தேன்மெழுகால் எழுதி, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் படிப்படியாகத் தோய்ப்பார்கள்: வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் மெழுகு, மஞ்சளில் தோய்ப்பு, மஞ்சளாக இருக்க வேண்டிய இடத்தில் மெழுகு, ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் கறுப்பு. பச்சை மட்டும் இந்த வரிசைக்குள் அடங்காது. மொத்தமாகத் தோய்த்தால் அடுத்து வரும் சிவப்பு சேறாகிவிடும். ஆகவே மஞ்சளுக்குப் பிறகு குச்சியால் அங்கங்கே தொட்டு வைத்து, மெழுகால் மூடிவிடுவார்கள். கடைசியில் மெழுகை உருக்க முட்டையைச் சுடரின் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மேலே பிடித்தால் கரி படிந்து, பாடுபட்ட வெள்ளையெல்லாம் சாம்பலாகும்.

சிவப்பு மகிழ்ச்சி, மஞ்சள் அறுவடை, கறுப்பு நித்தியம் என்று ஒரு பட்டியல் இதற்கும் சுற்றுகிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் அது மாறும். தோய்க்கும் வரிசை மாறாது. ஒரு முட்டையில் எந்த நிறம் எதன் பக்கத்தில் வரலாம் என்பதை நிறத்தின் அர்த்தத்தைவிடச் சாயம்தான் அதிகம் தீர்மானித்திருக்கிறது.

பூனைக்கண் | ஏப்ரல் 30, இரவு 11.55

எடின்பரோ கால்ட்டன் மலையில இன்னிக்கு உடம்பு முழுக்கச் சிவப்பு பூசிட்டு ஆடறாங்களே, அது எந்தக் காலத்து வழக்கம்?

வேலியோரம் | மே 1, காலை 7.00

1988. பழைய பெல்டேன் நெருப்பை மனதில் வைத்துக் கலைஞர்கள் தொடங்கிய நிகழ்ச்சி. சிவப்பர்கள் குழப்பமும் குறும்பும், வெள்ளை உடைப் பெண்கள் மே ராணியின் பரிவாரம், நீலர்கள் சடங்கைக் காப்பவர்கள். புதிதாக ஏற்பாடு செய்த நிறங்கள்தான். ஆனால் இருட்டில், கூட்டத்தில், தீப்பந்த வெளிச்சத்தில் யார் எந்தப் பக்கம் என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. அதனால் எனக்கு அந்த நிறங்கள் மேல் குறையே கிடையாது.

வேலியோரம் | ஜூன் 24, இரவு 9.20

லித்தாவுக்கு எல்லாரும் மஞ்சள் என்கிறார்கள், சூரியன் என்பதால். இந்த வாரம் ஐரோப்பாவில் பூக்கும் புனித ஜான் செடியும் மஞ்சள்தான். அதன் மொட்டை விரலால் நசுக்கினால் செவ்வூதாச் சாறு வரும். மஞ்சளுக்குள் சிவப்பு. அடையாளம்: இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி குத்தியது போல ஒளிப்புள்ளிகள் தெரியும், இதழ் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும்.

எண்ணெயில் இறக்க, அன்று பறித்த பூவையும் மொட்டையும் சில மணி நேரம் வாட விட்டு, கண்ணாடிப் புட்டியில் தளர்வாக நிரப்பி, மேலே ஒரு இதழ்கூட நீட்டாதபடி ஆலிவ் எண்ணெய் ஊற்றுங்கள். வெயில் படும் ஜன்னலில் 4-6 வாரம், தினமும் ஒரு குலுக்கு. எண்ணெய் மாணிக்கச் சிவப்பாக மாறும். வடிகட்டியதும் அடியில் தங்கும் தண்ணீரைப் பிரித்துவிடுங்கள், அதுதான் கெடுக்கும். காய்ந்த பூவில் செய்தால் எண்ணெய் மஞ்சளாகவே நிற்கும். தடவிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம், மனச்சோர்வு மருந்து, கருத்தடை மாத்திரை எல்லாவற்றோடும் மோதும் செடி.

நெய்தலுக்குத் தனியாக: விக்டோரியாவில் இது அறிவிக்கப்பட்ட களை. டிசம்பரில் சாலையோரம் பார்த்தால் பறித்துக்கொண்டு வராதீர்கள்.

நெய்தல் | ஆகஸ்ட் 1, காலை 7.45

இங்கே இன்றைக்கு இம்போல்க். வெள்ளைத் துணி எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே வாட்டில் மரம் முழுக்க மஞ்சள். எது?

வேலியோரம் | ஆகஸ்ட் 1, மாலை 6.30

வாட்டில்தான், சந்தேகமே வேண்டாம். துணி வெள்ளையாகவே இருக்கட்டும், அதன் மேல் மஞ்சள் எடுத்துக்காட்டும். உங்கள் வீட்டு மரமென்றால் பாதிக்கு மேல் விரிந்த கிளையாக வெட்டுங்கள், மொட்டாக வெட்டினால் ஜாடியில் விரியாது. ஓரிரு நாளில் பொடிப்பொடியாகக் கொட்டும், விழா அன்று காலையில் வெட்டுவது உத்தமம்.

பூனைக்கண் | அக்டோபர் 27, இரவு 10.10

சாவினுக்கு ஆரஞ்சு-கறுப்பு. இதையாவது விட்டு வைப்பீங்களா?

வேலியோரம் | அக்டோபர் 28, இரவு 8.45

ஆரஞ்சு அமெரிக்கப் பூசணியோடு வந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் குடைந்தது டர்னிப், வெளிறிய மஞ்சள். மேயோ மாவட்டம் டர்லோவிலுள்ள அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு முகத்தின் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய தோலும் பல்லுமாகப் பூசணியைவிடப் பத்து மடங்கு பயங்கரம். குடைய நினைத்தால் அடியைத் தட்டையாகச் சீவி, மூடி வெட்டி, கெட்டியான ஸ்பூனால் சுவர் 1 செ.மீ. வரும் வரை சுரண்டுங்கள், கத்தி வழுக்கும். மூடியில் புகைத் துளை கட்டாயம். மெல்பர்னில் சாவின் ஏப்ரல் கடைசியில், பூசணி அறுவடைக் காலம். ஆகவே ஆரஞ்சுக்கு உலகத்திலேயே நியாயமான உரிமை நெய்தலுக்குத்தான்.

நெய்தல் | அக்டோபர் 29, காலை 7.10

இங்கே இப்போது பெல்டேன் வேலை! இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். ஏப்ரலில் வாங்கிய கறுப்பு மெழுகுவர்த்தி பத்து நிமிடத்தில் புகைந்து அணைந்துவிட்டது. கறுப்பு ராசியில்லையா?

சாயப்பட்டறை | அக்டோபர் 29, இரவு 9.30

ராசி இல்லை, நிறப்பொடி. உள்ளே வரை கறுப்பாக இருந்தால் பொடி திரியில் அடைத்துக்கொண்டு மெழுகு ஏறாது. அடிப்பக்கத்தைப் பாருங்கள்: நடுவில் வெள்ளை, ஓரத்தில் மட்டும் கறுப்பு என்றால் மேலே தோய்த்தது, ஒழுங்காக எரியும். இருக்கிறதை எரிக்கத் திரியை 5 மி.மீ.க்கு வெட்டி, முதல் குழியில் உருகிய மெழுகைக் கொட்டிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்.